மண்ணும் தோலும்: பால் பிராண்டின் எழுத்துக்களில் அழகு

படைப்பின் அழகைப் பற்றிப் பேசாத திருச்சபை இல்லை. அறுப்பின் பண்டிகை வந்தால் வாழைத்தாரும் நெற்கதிரும் பூசணிக்காயும் பீடத்தின்முன் அடுக்கப்படுகின்றன. சங்கீதம் 104 வாசிக்கப்படுகிறது. மலையும் கடலும் பறவையும் ஆண்டவரின் கைவேலை என்று அருளுரை ஆற்றப்படுகிறது. கலையிலும் இயற்கையிலும் நல்ல நூல்களிலும், மனிதர் மனிதருக்குக் காட்டும் பரிவிலும் அழகைக் கண்டு உள்ளம் ஊக்கம் பெறுவது விசுவாசியின் உரிமை என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாணியம்பாடி தொடங்கி ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரையில் பணியாற்றும் ஆயர் ஒருவர் இத்தகைய அருளுரையை ஆயத்தம் செய்யும்போது அவர் முன் ஒரு தடை எழுகிறது. அவர் புகழ்ந்து பேசவிருக்கும் ஆறும் நிலமும் தோல் பதனிடும் தொழிலின் கழிவைப் பல்லாண்டுகளாகச் சுமந்து வருபவை. அவர்முன் அமரப்போகும் சபையாரில் பலர் அத்தொழிலால் உண்டு உடுப்பவர்கள்.

இந்நிலையில் அழகைப் பற்றிய பேச்சு துன்பத்தை மறைக்கும் திரையாகுமா, அன்றித் துன்பத்தைக் காணச் செய்யும் கண்ணாகுமா? இக்கேள்வியை மனத்திற்கொண்டு, இதே வட்டாரத்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து உழைத்த மருத்துவர் பால் பிராண்டின் எழுத்துக்களைத் திறனாய்வு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆசிரியரும் நூல்களும்

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் அருட்பணியாளர்களான ஜெசி, எவலின் தம்பதியருக்குப் பிறந்தவர். கல்விக்காகச் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை 1929-இல் கொல்லிமலையிலேயே மரித்தார். மகன் முதலில் கட்டடத் தொழிலைப் பயின்று, பின்னரே மருத்துவத்திற்கு வந்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1966 வரை அங்கும் அருகிலுள்ள கரிகிரித் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றினார். அதன்பின் அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்தில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 2003-இல் மரித்தார்.

எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நூல்கள் மூன்று. முதலாவது 1980-இல் வெளிவந்த "ஃபியர்ஃபுல்லி அண்ட் வொண்டர்ஃபுல்லி மேட்". சங்கீதம் 139:14-இலிருந்து தலைப்பைப் பெற்ற இந்நூல் உயிரணு, எலும்பு, தோல், இயக்கம் என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டது. இரண்டாவது 1984-இல் வந்த "இன் ஹிஸ் இமேஜ்". மூன்றாவது, வலியைப் பற்றி 1993-இல் வந்தது. இவற்றைத் தவிர, மண்ணைப் பற்றி அவர் எழுதிய நெடுங்கட்டுரை ஒன்று 1987-இல் வெளிவந்த "டெண்டிங் தி கார்டன்" என்னும் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. நம் திருச்சபைகளில் முதல் நூலை அறிந்தோர் பலர். மண் கட்டுரையை அறிந்தோர் மிகச் சிலர். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் படிக்கவேண்டும் என்பதே நாம் முன்வைக்கும் கருத்து.

2. பொருத்தத்தின் அழகு

பிராண்டின் எழுத்தில் முதலில் நம்மைக் கவர்வது மனிதக் கையின்மீது அவருக்குள்ள வியப்பாகும். ஓவியன் வண்ணத்தைப் பேசுவதுபோல் அவர் தசைநாணைப் பேசுகிறார். கட்டடத் தொழிலாளியின் கண்ணும் அறுவை மருத்துவரின் கண்ணும் அவரிடம் ஒன்றாகின்றன. ஓர் உறுப்பு தன் வேலைக்கு எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தியிருக்கிறது என்பதில் அவர் அழகைக் காண்கிறார்.

இது மேற்கத்திய அழகியலின் முக்கியமான மரபு ஒன்றுக்கு மாறானது. ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில், பயனையும் ஆசையையும் விலக்கி நோக்கும்போதே அழகுணர்வு தூயதாகிறது என்று வாதிட்டார். பிராண்டுக்கோ பயனை விலக்கிய நோக்கு இயலாது. 1947-இல் செங்கற்பட்டில் மருத்துவர் இராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் இல்லத்தைப் பார்வையிட்டபோது, தன் மிதியடியைக் கழற்ற முயன்று இயலாமல் தவித்த நோயாளி ஒருவரை அவர் கண்டார். அந்த மடங்கிய கையைத் தம் கையில் பற்றி, தம்மால் இயன்றமட்டும் அழுத்துமாறு கேட்டார். எதிர்பாராத வலிமையுடன் அக்கை அவர் கையை நெரித்தது. கையின் சில தசைகள் செயலிழந்தாலும் பிற தசைகள் நன்றாகவே உள்ளன என்பதை அந்த வலிமை அவருக்கு உணர்த்திற்று. நல்ல தசையின் நாணை இடம்மாற்றித் தைத்து விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறை அங்கிருந்தே வளர்ந்தது. விலகி நின்று பார்த்திருந்தால் அவர் கண்டிருக்கக் கூடியது உருக்குலைவு மட்டுமே.

பிராண்டின் அழகியலுக்கு அடிப்படை இதுதான். அழகு காட்சியால் மட்டும் கிடைப்பதில்லை; பற்றிக்கொள்வதாலும் கிடைக்கிறது. பரிவு என்பது அழகைக் கண்டபின் நாம் ஆற்றும் நற்செயல் என்று கருதுகிறோம். அவரோ பரிவையே அழகைக் காணும் வழியாக்குகிறார்.

எனினும் இங்கு ஒரு மறுப்பை எழுப்பாமல் இருக்க முடியாது. பொருத்தமே அழகு என்றால், சீராகாத கையின் நிலை என்ன? விரலே இல்லாமற்போன கைக்கு இவ்வழகியலில் இடம் உண்டா? பிராண்டின் சிறந்த பக்கங்கள் உடலின் நேர்த்தியைப் புகழும் பக்கங்களே என்று எண்ணுவோர் இக்கேள்விக்கு விடை காணார். அவர் எழுத்தின் வேறொரு இழையில் விடை இருக்கிறது.

3. தேய்மானத்தின் அழகு

அந்த இழை அவருடைய தாயாரைப் பற்றியது. எவலின் பிராண்ட் இலண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து, ஓவியக் கலையைப் பயின்றவர். மலைக்கு வந்தபின்னும் வண்ணத்தையும் தூரிகையையும் கைவிடவில்லை. கணவர் மரித்த பின்னரும், முதுமையில் ஓய்வுபெற வேண்டிய பருவத்திலும் மலைமக்களிடையே தங்கி, 1974-இல் தம் தொண்ணூறுகளில் மரித்தார். அந்த முகத்தின் ஆழ்ந்த சுருக்கங்களைப் பற்றி மகன் எழுதியுள்ள பகுதி உருக்கமானது. வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடி வைத்துக்கொள்ள மறுத்தார் என்கிறார் பிராண்ட். ஆனால் அம்முகத்தைக் கண்டு மகிழ்ந்த மலைமக்கள் பலர். வெயிலும் விழுக்காடும் காய்ச்சலும் தேய்த்த அம்முகம் அழகிய முகம் என்று மகன் சாட்சி கூறுகிறார்.

அழகை நன்கு அறிந்த ஓவியர் ஒருவர் தம் முகத்தின் அழகைத் தேடாமல், பிறர் தம்மில் எதைக் காண்கிறார்கள் என்பதிலே நிறைவு கொண்டார். கலை அவரிடம் தற்காட்சியிலிருந்து விடுதலை பெற்றது. தோல் சுருங்கியது அன்பின் செலவுக்கணக்காயிற்று. ஏசாயா 53:2 தாசனின் தோற்றத்தைப் பற்றிக் கூறுவதை நாம் சிலுவையோடு மட்டும் இணைத்துப் படிக்கிறோம். விரும்பத்தக்க தோற்றம் இல்லாதவரிடத்தில் திருச்சபை எல்லா அழகையும் காண்கிறது என்றால், அழகைப் பற்றிய நம் அளவுகோல் முற்றிலும் மாறியிருக்க வேண்டும். பிராண்ட் இவ்வசனத்தின் விரிவுரையாளராக எழுதவில்லை. ஆனால் தாயின் முகத்தை விவரிக்கும் அப்பகுதி அதற்கு நல்ல விரிவுரையாகிறது. பொருத்தத்தின் அழகை மட்டும் பேசும் பிராண்டைவிட, தேய்மானத்தின் அழகைப் பேசும் பிராண்டே ஆழமானவர்.

4. தோல்: தொடுதலும் தொழிலும்

முதல் நூலின் மூன்றாம் பகுதியாகிய "தோல்", நம் வட்டாரத்து வாசகருக்குத் தனி ஆர்வம் தருவது. தோலை வெறும் போர்வையாகக் கருதாமல், உலகை நாம் அறியும் உறுப்பாக பிராண்ட் விளக்குகிறார். அவர் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று பலரும் எடுத்தாள்வது. நோயாளி ஒருவரின் தோள்மீது கைவைத்து அவர் பேசிக்கொண்டிருந்தார். அம்மனிதர் தேம்பி அழத் தொடங்கினார். காரணம் கேட்டபோது, பல ஆண்டுகளாக எவரும் அவரைத் தொட்டதில்லை என்று உடனிருந்தவர் விளக்கினார். மருந்து தராத ஒன்றைக் கை தந்தது.

விரல்கள் குறுகுவதற்குத் தொழுநோய்க் கிருமி நேரடிக் காரணமன்று, உணர்வு இழந்த கை தன்னை அறியாமல் சுட்டுக்கொள்வதும் காயப்படுத்திக்கொள்வதுமே காரணம் என்று பிராண்டும் அவருடைய உடனுழைப்பாளரும் நிறுவினர். எனவே வலியைக் கொடை என்று அவர் அழைத்தார். உணர்வற்ற பாதங்களுக்கென மைக்ரோ செல்லுலர் ரப்பரால் மெத்தென்ற மிதியடிகள் செய்யும் பணியும் வேலூரிலும் கரிகிரியிலும் வளர்ந்தது. ஆம்பூரின் ஆலைகளில் அயல்நாட்டவர் அணியும் காலணிகள் உருவாகும் இதே வட்டாரத்தில், வலியறியாப் பாதங்களைக் காக்கும் எளிய மிதியடியும் உருவாயிற்று. முன்னதைக் கடைச் சன்னலில் வைத்து அழகு பார்ப்பர். பின்னதை எவரும் காட்சிக்கு வைப்பதில்லை. பிராண்டின் அளவுகோலின்படி, பாதத்தை அறிந்து செய்யப்பட்ட பின்னதும் அழகிய கைவினையே.

ஆயினும் பாலாற்றங்கரையில் இருந்து படிக்கும்போது இப்பகுதியின் குறையும் தெரிகிறது. தோலைப் பற்றிய அவருடைய சிந்தனை உடலிலிருந்து நேரே திருச்சபைக்குத் தாவுகிறது. கிறிஸ்துவின் சரீரம் உலகைத் தொடும் இடமே தோல் என்னும் உவமை நல்லதே. ஆனால் உடலுக்கும் திருச்சபைக்கும் இடையே சமுதாயம் என்ற ஒன்று இருக்கிறது. அங்கே தோல் ஒரு சரக்கு. தோலைக் கையாளும் தொழில் ஒரு சாதிக்குறி. உப்பிட்ட பச்சைத்தோல் ஊறவைக்கப்பட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கப்பட்டு, சதை சீவப்பட்டு, பதனிடப்படுகிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை, பிற்காலத்தில் குரோமிய உப்புக்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. சுண்ணாம்பிலும் அமிலத்திலும் நாள்முழுதும் நிற்கும் தொழிலாளியின் தோலை விவரிக்க மருத்துவ நூலின் வியப்புமொழி போதாது. "தோல் ஷாப்பு" என்று மக்கள் வழங்கும் அவ்விடத்தின் நாற்றத்தை முகஞ்சுளித்து ஒதுக்குகிறவர்களே, அங்கிருந்து வரும் காலணியின் மெருகைப் புகழ்கிறார்கள். அழகு, அருவருப்பு என்னும் தீர்ப்புக்களில் சாதியின் குரலும் கலந்திருக்கிறது. இக்கேள்வியை பிராண்டின் நூல் தன் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருமறை எடுத்துக்கொள்கிறது. பேதுரு யோப்பாவில் பல நாள் தங்கியிருந்தது தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் (அப். 9:43). செத்த விலங்கைத் தொடும் தொழில் என்பதால் யூத மரபு இத்தொழிலை இழிவாகக் கருதிற்று. அவ்வீட்டின் மேல்மாடியில்தான் தீட்டு, தூய்மை என்னும் பிரிவினையைத் தகர்க்கும் தரிசனம் பேதுருவுக்குக் கிடைத்தது (அப். 10). ஆசரிப்புக் கூடாரத்தின் மூடுதிரைக்குச் சிவப்புச் சாயம் தீர்த்த ஆட்டுக்கடாத் தோல்கள் கேட்கப்பட்டன (யாத். 26:14). வழிபாட்டின் அழகுக்குள் பதனிடுகிறவரின் உழைப்பு தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ளது. பிராண்டின் "தோல்" பகுதியை யோப்பாவின் அந்த மாடியிலிருந்து நாம் மறுவாசிப்புச் செய்ய வேண்டும்.

வலியைக் கொடை என்னும் கருத்துக்கும் இங்கே காவல் தேவைப்படுகிறது. துன்புறுகிறவனிடம், "உன் வலி இறைவன் தந்த கொடை, பொறுத்துக்கொள்" என்று கூற அதைப் பயன்படுத்துவோர் உண்டு. பிராண்ட் கூறியது அதுவன்று. வலி என்பது செய்தி; அதைக் கேட்டு உடல் முழுதும் செயற்பட வேண்டும். உறுப்பின் வலியைக் கேளாத உடல் அவ்வுறுப்பை இழந்துவிடும். அவர் கருத்தைச் சரியாகப் பயன்படுத்தினால், அது பொறுமைக்கு உபதேசமாகாமல் செவிகொடுக்கக் கட்டளையாகும். அதேவேளையில், உணர்வற்ற திருச்சபையைத் "தொழுநோய் பிடித்த திருச்சபை" என்று மேடையில் பேசும் வழக்கத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். கூட்டு மருந்தால் குணமாகும் நோயைப் பாவத்தின் உருவகமாக்குவது, பிராண்ட் எந்த மனிதரின் தோள்மீது கைவைத்தாரோ அவர்களை மீண்டும் ஒதுக்கும் செயலாகும்.

5. ஒரு பிடி மண்

மேற்கண்ட குறையைப் பெரிதும் நிறைவு செய்வது மண் கட்டுரை. கொல்லிமலையில் சிறுவர் சிலர் நெல்வயலில் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். சேறு கலங்கி, நீர் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்கு இறங்குகிறது. தாத்தா என்று அனைவரும் அழைக்கும் முதியவர் ஒருவர் வருகிறார். சினந்து அடிக்காமல், ஒரு பிடி சேற்றை அள்ளி, இது என்னவென்று கேட்கிறார். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களுக்குச் சோறிட்ட மண் அது, கலங்கிய நீரோடு மலையிலிருந்து உயிரே இறங்கிப்போகிறது என்று விளக்குகிறார். அச்சிறுவர்களில் ஒருவர் பிராண்ட்.

இக்கட்டுரையின் சிறப்புக்கள் இரண்டு. முதலாவது, இயற்கையின் அழகு இங்கே காட்சியாக வருணிக்கப்படவில்லை. படிப்படியாக இறங்கும் வயல்கள் கண்ணுக்கு இனியவைதாம். ஆனால் ஆசிரியர் நம் பார்வையை மலைமுகட்டிலிருந்து முதியவரின் உள்ளங்கைக்கு இறக்குகிறார். மண்ணும் இங்கே கையில் ஏந்திய பின்னரே அறியப்படுகிறது. இரண்டாவது, ஆசிரியர் அருட்பணியாளரின் மகன். போதித்தவரோ எழுத்தாளர் அல்லர், கல்லூரி கண்டவர் அல்லர், மலைவாழ் உழவர். நம் நிலத்து முதியவர் ஒருவரின் அறிவைத் தம் மருத்துவ அறிவுக்கு இணையாக பிராண்ட் மதிக்கிறார். எத்தியோப்பியாவில் தாம் கண்ட மண்ணரிப்பையும், கொல்லிமலைக்குத் திரும்பியபோது கண்ட இழப்பையும் எழுதி, மண்ணைக் காக்கும் கொள்கைக்குத் துணைசெய்ய முடியுமானால் மருத்துவத்தையே விட்டுவிடலாம் என்னும் அளவுக்குச் செல்கிறார். ஆயிரக்கணக்கான கைகளைச் சீராக்கிய ஒருவரின் வாயிலிருந்து வரும் சொல் இது.

இவ்வெழுத்தைப் பாலாற்றங்கரையில் படிப்பவர் தம் கையிலுள்ள மண்ணைப் பார்க்காமலிருக்க முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்ற தகவல் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆயினும் துன்பம் முடியவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். பிழைப்புக்காகத் தொலைமாநிலத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று மாசைப் பற்றி ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

கொல்லிமலைத் தாத்தா சுட்டிய சேறு உயிர் தரும் சேறு. இராணிப்பேட்டையில் மனிதரை மூடிய சேறு உயிர் வாங்கிய சேறு. இரண்டையும் "மண்" என்னும் ஒரே சொல்லின்கீழ் வைத்துப் பேச வல்லதே இவ்வட்டாரத்துக்குரிய படைப்பு இறையியல். பிராண்ட் இரண்டாம் சேற்றைப் பற்றி எழுத வாய்க்கவில்லை. அவருடைய முறையைக் கற்றவர் எழுத வேண்டும்.

6. நம் பணிக்கு

இத்திறனாய்வின் முடிபைத் தொகுத்துக் கூறலாம். பால் பிராண்டின் எழுத்தில் கலை, இயற்கை, நூல், பரிவு ஆகிய நான்கும் தனித்தனி இன்பங்களாக நிற்கவில்லை. தாயின் ஓவியக்கண் மகனுக்குப் பார்வை தந்தது. முதியவரின் பிடிமண் அப்பார்வைக்குப் பொறுப்புத் தந்தது. நோயாளியின் கை அதற்கு வேலை தந்தது. நூல் அதைப் பிறருக்கு வழங்கிற்று. பிடித்துப் பார்க்காத அழகு, பொறுப்பேற்காத அழகு அவரிடம் இல்லை. உடலின் நேர்த்தியை மட்டும் எடுத்து, அருளுரைக்கு அணியாக்குகிற வாசிப்பு அவரைக் குறைத்து வாசிப்பதாகும்.

தோல் தொழிலைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அது. ஆலை மூடினால் முதலில் பட்டினி கிடப்பவர் தொழிலாளரே. நிலத்தை இழந்த உழவரும் வேலையை இழக்க அஞ்சும் தொழிலாளியும் ஒரே ஆராதனையில் அருகருகே அமர்ந்திருக்கும் சபையில், ஒருவர் வலியைக் காட்டி மற்றவர் வலியை அடக்குவது ஆயர்பணியாகாது. இருவர் கையையும் பற்றி, எங்கே வலிக்கிறது என்று கேட்பதே பணி. கழிவை முறையாகச் சுத்திகரிக்கவும், தொழிலாளருக்குக் கையுறையும் காலணியும் மருத்துவமும் கிடைக்கவும், நிலமிழந்தோருக்கு ஈடு சேரவும் சபை குரல் கொடுக்கலாம். இவற்றுள் ஒன்றைக் கேட்பதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

இறையியல் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. பிராண்டின் மண் கட்டுரையையும் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துப் படியுங்கள். அதன்பின் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ சபையார் ஒருவரின் வேலையிடத்துக்குச் சென்று, அவர் செய்வதை அவரே விளக்கக் கேளுங்கள். ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாருக்கும் நெற்கதிருக்கும் அருகில், உங்கள் ஊர் வயலிலிருந்து ஒரு தட்டு மண்ணையும், சபையார் ஒருவர் தைத்த காலணி ஒன்றையும் வையுங்கள். அவற்றை வைத்துக்கொண்டு சங்கீதம் 104-ஐ வாசித்துப் பேசுவது எளிதாக இராது. ஆனால் அன்று பேசப்படும் அழகை அம்மண்ணில் உழுதவரும் அக்காலணியைத் தைத்தவரும் தம்முடையதென்று அறிந்துகொள்வார்கள்.